பேசும் பெட்டிக்கு வைத்த சந்தனம்

அம்பத்தூர் என்று ஓர் ஊர் இருப்பதாக நம்பித்தான் மலேசியாவில் ஈப்போவிலிருந்து கிளம்பினேன். மெட்ராஸில் பஸ் ஏறிய பிறகுதான் அது ஒரு பெரிய குடும்பம் என்று தெரிந்தது. ஓ.டி., எஸ்டேட், ஸ்டேஷன் என்று ஆளுக்கொரு திசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அம்பத்தூர் ஒண்ணு" என்று காசை நீட்டினேன். கண்டக்டர் பின் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முன்பின் தெரியாத நான்கைந்து பேர் கை மாறி என் காசு அவரிடம் போனது. காசு அவ்வளவுதான் என்று நினைத்தேன். டிக்கெட்டுக்குப் பதில் ஒரு கேள்வி அதே ஆட்கள் வழியாகத் திரும்பி வந்தது.

"எந்த அம்பத்தூர்னு கேக்குறாரு. ஓ.டி.யா, எஸ்டேட்டா?"

எங்கள் பக்கம் எஸ்டேட் என்றால் ரப்பர் மரங்கள். "எஸ்டேட் வேணாங்க, வீடுங்க இருக்கிற பக்கம்" என்றேன். பாதி பஸ் சிரித்தது. மீதிப் பாதி எனக்காகச் சண்டை போட்டது. ஒருவர் ஓ.டி. என்றார், ஒருவர் டன்லப் என்றார், ஓர் அம்மாள் என் முழங்கையைப் பிடித்து, "இங்கயே எறங்கிக்கோ, மாறிப் போயிக்கலாம்" என்று தள்ளியே விட்டாள். இறங்கிப் பார்த்தால் பாடி. லாரிகளுக்கு நடுவில், மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது தொண்ணூறுகளில் நடந்தது. என் தம்பி குணாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஆனாலும் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில்தான் வேலை செய்கிறான். கம்ப்யூட்டரின் முதுகில் இந்தப் பெட்டியை ஒரு வயரால் மாட்டி, ஃபிளாப்பியில் இருக்கும் புரோகிராமை ஏற்றிவிட்டால், திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பெட்டி ஆங்கிலத்தில் உரக்கப் படிக்கும். அலுவலகம் அவனுக்குப் புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்ததும், பழையதை எஸ்தருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

எஸ்தர் அவனுடைய கேசட் சிநேகிதி. இருவருக்கும் பார்வை இல்லாததால் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். கம்பெனி பழைய டெலிபோன் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்து, பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்துவிட்டது. யாருக்கு எந்த நம்பர், யார் லீவு, யாருக்கு என்ன செய்தி, எல்லாம் இனிமேல் திரையில். அதைப் படித்து வேலை செய்ய முடிந்தால் அவள் இருக்கலாம். முடியாவிட்டால் பேக்கிங் பிரிவுக்குப் போகவேண்டும் என்று மானேஜர் சொல்லிவிட்டார். குணாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு இருந்த ஒரே தகுதி, அவனுக்கு வயர் மாட்டிக் கொடுத்துப் பழகிய கை.

பாடியில் ஒரு டெலிபோன் பூத்தைக் கண்டுபிடித்து கம்பெனிக்குப் போன் செய்தேன். மிடுக்கான ஆங்கிலத்தில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். நான் யார் என்று சொன்னதும் அந்த ஆங்கிலம் எங்கோ ஓடிப்போனது.

"அக்காவா! எங்க கீறீங்க?"

"தெரியலையேம்மா. லாரியா போகுது."

"பாடியாத்தான் இருக்கும். அங்கயே நில்லுங்க. எங்க ஊட்டுக்காரரு அங்கதான் லேத்துல வேலை செய்றாரு. அனுப்பி வைக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் கை முழுக்கக் கிரீசோடு தேவராஜ் சைக்கிளில் வந்தார். பெட்டியைப் பார்த்து அவருக்கு ஏமாற்றம்.

"இன்னாக்கா, இம்மாந்தூண்டு கீது? நான் பீரோ சைஸுக்கு வரும்னு ரிக்‌ஷா சொல்லி வெச்சிட்டேனே."

அந்த ரிக்‌ஷாவில் நானும் பெட்டியும் போனோம். பக்கத்திலேயே அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு வழியெல்லாம் ஃபாக்டரிகளைக் காட்டினார்.

வீடு ஓ.டி.க்குப் பின்னால் ஒரு காலனியில். மாலையில் எஸ்தர் வந்து ரசம் வைத்து, கருவாடு வறுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பெட்டியைப் பேசவைத்துப் பார்க்கலாம் என்று பிளக்கை எடுத்தேன். எங்கள் ஊர்ப் பிளக்குக்குச் சதுரக் கால். இவர்கள் சுவரில் இருந்தது வட்ட ஓட்டை. சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏழு கடல் தாண்டி வந்து ஓர் ஓட்டையிடம் தோற்றுப்போவேன் என்று நான் நினைக்கவில்லை.

தேவராஜ் கத்தியால் என் பிளக்கை வெட்டி எறிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வயர் நுனிகளைச் சீவி, ஓட்டைக்குள் விட்டு, இரண்டு தீக்குச்சிகளைச் செருகி இறுக்கிவிட்டார். தீயை மூட்டுகிற குச்சியைக் கரண்ட் ஓட்டைக்குள் வைப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நான் கதவருகே போய் நின்றுகொண்டேன். சுவிட்சைப் போட்டதும் பெட்டி தொண்டையைச் செருமி, தான் தயாராக இருப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தது.

"ஜலதோஷம் புட்ச்ச வெள்ளக்காரன் மாதிரி பேசுது" என்றார் தேவராஜ்.

எஸ்தர் சிரிக்கவில்லை. பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி" என்றாள். அணைத்து அணைத்துப் போட்டோம். தூங்கப் போகும்வரை அது தயாராக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் இட்லிக்கு வடகறி என்று ஒன்றை ஊற்றினார்கள். வடையை எதற்கு உடைத்துக் குழம்பாக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊர் டீயில் கால் பங்குதான் இங்கே ஒரு கிளாஸ். ருசி பிடிபடுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே திரைச்சீலை, அதற்கும் உள்ளே ஏ.சி. வெளியே மனிதர்கள் வியர்த்து ஊற்ற, கம்ப்யூட்டர் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு குளிரில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். கோயில் எதுவும் தெரியவில்லையே என்று சுற்றிப் பார்த்தேன். எஸ்தர் கழற்றிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மானேஜர் வரதன் நல்லவராகத்தான் தெரிந்தார். ஆனால் என் ஃபிளாப்பியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"வெளியிலேர்ந்து வர்ற ஃபிளாப்பி. வைரஸ் இருந்தா யாரு பொறுப்பு?"

"இல்லைங்க, என் தம்பி சுத்தமாத்தான் வச்சிருப்பான்."

"செருப்பு வெளிய விட்டீங்களா?"

விட்டேன் என்றேன். சரி, போடுங்கள் என்றார். செருப்பில்தான் வைரஸ் வரும் என்று அவர் நினைத்தாரா, பேச்சை மாற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெட்டி பேசியது. அறையில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. திரையில் இருந்த பெயர்களை அது படித்த விதத்தில் ஒரு பெயர்கூட எனக்கு விளங்கவில்லை. எஸ்தருக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். டைப் அடிக்க ஏற்கெனவே பழகியவள் என்பதால் விரல்கள் தடுமாறவில்லை. மதியம் ஆவதற்குள் பாதி வேலை கைக்கு வந்துவிட்டது. வந்த சிக்கல் வேறு. அவள் போனில் பேசும்போது பெட்டியும் பக்கத்தில் கத்தியது. கோயம்புத்தூரிலிருந்து பேசிய ஒருவர், "அங்க யாரும்மா இங்கிலீஷ்ல திட்டிக்கிட்டே இருக்கறது?" என்று கேட்டார்.

பெட்டியை இங்கே விட்டுப் போக மனமில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகிறோம் என்று வயரைக் கழற்றப் போனேன். வரதன் தடுத்தார்.

"சாயந்தரம் ஆயுத பூஜை. அதுவும் ஆயுதம்தானே? இருக்கட்டும். லீவு முடிஞ்சு தொறக்கற அன்னிக்கு டெஸ்ட் வச்சுக்கலாம்."

மறுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. எஸ்தரின் முகத்தைப் பார்த்தேன். "உடுங்கக்கா. வருஷா வருஷம் என் ஹெட்செட்டுக்குக் கூடப் பொட்டு வெப்பாங்க. தொடச்சிட்டு மாட்டிப்பேன். நீங்க கிறிஸ்டியனான்னு யாரும் கேக்க மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

கேட்டில் பூசணிக்காயை உடைத்தார்கள். அந்தச் சத்தத்தில் நான் ஒரு துள்ளு துள்ளினேன். பொரி, கடலை, ஒரு லட்டு என்று கையில் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். பெட்டி உள்ளே பூட்டப்பட்டது.

விடுமுறையன்று எஸ்தருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா வீடு கரையான்சாவடியில். அங்கேதான் டைப் அடிக்கப் படித்தாளாம். அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் போய் விரலையாவது பழக்கலாம் என்று மூவரும் கிளம்பினோம். பஸ்ஸின் நெற்றியில் மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. எங்கள் ஊரில் கல்யாணக் கார்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொள்ளாது.

இன்ஸ்டிட்யூட்டில் மெஷின்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கு ஆயுதத்தத் தொடக் கூடாதும்மா."

"பஸ் மட்டும் ஆயுதம் இல்லையா? அது ஓடுதே?" என்று வெளியே வந்து தேவராஜிடம் கேட்டேன்.

"பஸ்ஸு ஓடலன்னா ஊட்டுக்கு எப்டிக்கா போறது?"

பூந்தமல்லிக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டோம். எஸ்தர் சாப்பிடவில்லை. சோற்றை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"பேக்கிங்லயும் சம்பளம் உண்டுதானேம்மா" என்று சமாதானம் சொல்லப் போனேன்.

"சம்பளம் கீதுக்கா. பக்கத்துலயே பிரஸ் ஓடும். போல்ட் தலைய அடிக்கிற மிஷினு. அங்க யாரும் பேச மாட்டாங்க, பேசுனாலும் கேக்காது. ரெண்டு வருஷம் இருந்தவங்க பக்கத்துல நின்னு கூப்ட்டாக் கூடத் திரும்ப மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குக் கண்ணு இல்லாதது ஒண்ணும் பெரிசில்ல. காதும் போயிட்டா நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

தேவராஜ் எழுந்து கை கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார். எனக்கு அதுவரை வேலை போவது என்றால் சீட்டு மாறுவது என்றுதான் தோன்றியிருந்தது. அந்த மேசையில்தான் பயம் வந்தது. பெட்டி வேலை செய்யவேண்டும் என்று முருகனையும் வேண்டிக்கொண்டேன், அவர்கள் வீட்டுச் சுவரில் இருந்த இயேசுவையும் வேண்டிக்கொண்டேன்.

கம்பெனி திறந்த நாள் காலையில் கம்ப்யூட்டரின் போர்வையை விலக்கினார்கள். பக்கத்திலேயே பெட்டி இருந்தது. முன்பக்கம், குரல் வருகிற சல்லடை முழுக்கச் சந்தனம். தோசை மாவு மாதிரி அப்பி, நடுவில் எலுமிச்சை அளவுக்குக் குங்குமம். லீவு நாட்களில் காய்ந்து கல்லாகியிருந்தது.

அட்டெண்டர் கன்னியப்பன் பெருமையோடு பக்கத்தில் நின்றார். "மத்த மிஷினுக்கெல்லாம் ஒரு பொட்டுதான்மா. இது பேசுற பெட்டின்னு சொன்னாங்க. அதான் வாய்ல நல்லா வெச்சேன்."

கோபத்தில் வாய்வரை வந்ததை, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். சுவிட்சைப் போட்டேன். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. கொண்டை ஊசியால் சுரண்டினேன். உள்ளே என்னவோ கிழிந்தது. முனகலும் நின்றுபோனது.

"என்னாச்சுக்கா?" என்றாள் எஸ்தர். அவளே கை நீட்டி பெட்டியைத் தடவினாள். சந்தனம் விரலில் பட்டதும் முகர்ந்து பார்த்தாள். கதவுக்கு வெளியே வரதன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணீரோடு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில், பின்னால் சின்னதாக ஒரு துளை தெரிந்தது. காதில் மாட்டிக் கேட்கும் வயருக்கானது. குணா அதை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. இந்தக் கம்பெனியில் அப்படி ஒரு வயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர், யாரையும் பார்க்காமல், மேசை டிராயரைத் திறந்து ஒரு குட்டி ரேடியோவை எடுத்தார். வேலை நேரத்தில் கிரிக்கெட் கேட்க வைத்திருந்தது. அதன் ஒற்றைக் காது வயரை உருவி மாட்டினேன். எஸ்தர் இடது காதில் செருகிக்கொண்டாள். வலது காதில் போன்.

அவள் முகம் தெளிந்தது. "பேசுதுக்கா" என்றாள். நல்ல வேளையாக, இப்போது போனில் இருப்பவர்களுக்கும் பெட்டியின் சத்தம் போகாது.

டெஸ்ட் தொடங்கியது. வரதன் ஒரு பெயர் சொன்னார். எஸ்தர் கீயைத் தட்டி நம்பரைச் சொன்னாள். இன்னொரு பெயர். லீவு என்றாள். எல்லாம் சரி. ஆனால் வரதனின் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. அன்றைக்கு எல்லோர் காதிலும் விழும்படி பேசிய பெட்டி இன்று பேசவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் எஸ்தர் எதையோ தட்டுவதும் பதில் சொல்வதும்தான்.

"உனக்கு எல்லா நம்பரும் மனப்பாடம். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்க தோள்ல கை வச்சிருக்கீங்க."

கையை எடுத்தேன். நான் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறேன் என்கிறாரா? எனக்கே அந்தப் பெயர்கள் தெரியாதே? எதைச் சொல்லி நிரூபிப்பது? எஸ்தர்தான் சொன்னாள்.

"சார், டி.வி. மாதிரி இருக்கே, அத ஆஃப் பண்ணிடுங்க."

"ஸ்கிரீனையா? ஆஃப் பண்ணா எப்படிம்மா?"

"எனக்கு இன்னா சார் வித்தியாசம்? நீங்களே ஏதாச்சும் அடிங்க. நான் படிக்கிறேன்."

திரையை அணைத்தார்கள். வரதன் உட்கார்ந்து இருண்ட கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு விரலால் தட்டினார். தட்டித் தட்டி நிறுத்தினார். என்ன அடித்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் எஸ்தரின் வாயைப் பார்த்தோம். அந்த நிமிஷம் அங்கே பார்வை இருந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"பர்ச்சேஸ் மீட்டிங் மதியம் மூணு மணிக்கு" என்று படித்தாள். கொஞ்சம் தயங்கினாள். "சார், மீட்டிங்ல ஒரு எழுத்து கூடுதலா விழுந்திடுச்சு. திருத்தட்டுமா?"

திருத்தினாள். திரையைப் போட்டார்கள். அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. கன்னியப்பன் மட்டும் கை தட்டினார். வரதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "பார்க்கலாம். நீங்க வெளிய இருங்கம்மா" என்று என்னை அனுப்பிவிட்டார்.

கேட்டில் தேவராஜ் நின்றிருந்தார். வேலைக்குப் போகவில்லை.

"இன்னாக்கா ஆச்சு?"

"பார்க்கலாம்னு சொன்னாருங்க தம்பி. அப்படின்னா என்ன அர்த்தம்?"

"சிரிச்சிகினு சொன்னாரா, சிரிக்காமயா?"

"கண்ணாடிய தொடைச்சிக்கிட்டே."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை. வாட்ச்மேனைக் கேட்டோம். அவர் யோசித்துவிட்டு, "கஷ்டந்தான்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்து, "நல்லதாவும் இருக்கலாம்" என்றார். வெயில் ஏறியது. சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள், எஸ்தர் வரவில்லை. பேக்கிங் பிரிவு எந்தப் பக்கம் என்று தேவராஜ் கேட்டார். வாட்ச்மேன் காட்டிய திசையிலிருந்து இரும்பு அடிக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. தேவராஜ் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

வாட்ச்மேன் கூண்டில் போன் அடித்தது. எடுத்தவர், "உங்களுக்கும்மா" என்று நீட்டினார்.

"அக்கா, நீங்க அவரக் கூட்டிகினு ஊட்டுக்குப் போயி சாப்டுங்க" என்றாள் எஸ்தர். "நான் வர சாயந்தரம் ஆவும். லீவுல வராத கால்லாம் மொத்தமா வந்துகினு கீது."

"அப்போ பேக்கிங்?"

"அங்க வேற ஆளப் போடச் சொல்லிட்டாருக்கா."

என் முகத்தைப் பார்த்த தேவராஜ் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "எஸ்தரு! நெஜமாவா?" என்று கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய மிடுக்கான ஆங்கிலம் எனக்கே கேட்டது. ஒரு நிமிஷம் சார், தயவுசெய்து லைனில் இருங்கள்.

அவர் இருந்தார். ஒரு நிமிஷம் போனது, பிறகு இன்னும் கொஞ்சம் போனது. உள்ளே அவள் யார் யாருக்கோ லைன் கொடுத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. இரண்டு கைகளும் ரிசீவரில் இருந்தன.

"வெச்சிடுப்பா, ஸ்டோர்லேர்ந்து கால் வரும்" என்றார் வாட்ச்மேன்.

"இரு நைனா. லைன்ல இருக்கச் சொல்லிக்கிறாங்க."